தில்லைக் கட்டை

கண்ணத் தொறக்காதீங்க தம்பி. தொறந்தீங்கன்னா அந்த நர்சுப் பொண்ணு பாத்துட்டு மறுபடியும் சொட்டு மருந்த ஊத்திடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. சும்மா மூடிக்கிட்டு உக்காராம யாரு வர்றா யாரு போறான்னு பாத்தேன், வந்து ஊத்திட்டுப் போயிடுச்சு. "கொஞ்சம் எரியும் ஐயா, பொறுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துது. நல்ல பொண்ணு. எரியலம்மான்னுட்டேன்.

உங்க குரலக் கேட்டா என்னைவிடச் சின்னவரு மாதிரித் தெரியுது, அதான் தம்பின்னேன். தப்பில்லையே? அறந்தாங்கியா? சரி சரி. எனக்கு முத்துப்பேட்டைக்குக் கிழக்க, அலையாத்திக் காட்டு ஓரம். பேரு வேதரெத்தினம். கண்ணத்தான் மூடச் சொன்னாங்க, வாய மூடச் சொல்லல. பேசிக்கிட்டு இருப்போம்.

உங்களுக்குப் புரையா? அது ஒண்ணுமில்ல, எடுத்துட்டா தீந்துது. எனக்கு வேற. "ரெண்டு கருவிழியும் உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி இருக்கு, ஏதோ ஒண்ணு தினமும் கண்ணுல படுது, அது என்னன்னு பாத்து நிறுத்துங்க"ன்னாரு டாக்டரு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா இடது கண்ணு போயிடுமாம். வலது அதுக்குப் பின்னாலயே போயிடுமாம். என் மக சுகுணா அங்கயே நின்னு அழுவுறா. "என்னப்பா படுது, சொல்லுப்பா"ங்குறா. உப்புக்காத்தா இருக்கும்னேன். மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேட்டுடணும்.

என் பொஞ்சாதிக்கும் கண்ணு கெடையாது தம்பி. ரெண்டும். பொறவியில இல்ல, ரெண்டு வருஷமாத்தான். அதுக்கு நான்தான் காரணம்னு ஊருல பேசிக்கிறானுவ. டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னுபோவுது. நீங்க வெளியூரு ஆளு, எங்க வீட்டு நல்லது கெட்டது எதுவும் தெரியாது. நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க.

நான் மீனுக்குப் புகை போடுறவன். கருவாடு இல்ல. கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போதும், எவன் வேணா போட்டுடுவான். இது வேற வேல. மீனக் கீறி, உப்புத்தண்ணியில ஊறவெச்சு, நெழல்ல காத்தாட விட்டு, தகரக் கொட்டாய்க்குள்ள கம்பி வலைமேல அடுக்கணும். கீழ கட்டையப் போட்டுப் பொகைய விடணும். எரிய விடக்கூடாது, எரிஞ்சா மீனு வெந்து உதுந்துபோயிடும். அதனால கட்டைமேல ஈரத் தேங்கா மட்டையப் போட்டு அமுக்கி, அடுப்பு வாய்கிட்ட ஒரு ஆளு உக்காந்தே இருக்கணும். தீ நாக்க நீட்டுனா தண்ணி தெளிக்கணும், அமந்துபோனா ஊதணும். அந்த எடத்துல உக்காருறது என் பொஞ்சாதி. பேரு செகதாம்பா. மரம் பொறுக்குறது நானு.

மரந்தான் தம்பி ருசி. எல்லாரும் மீனுன்னு நெனைக்கிறான், மீனு எல்லாருக்கும் ஒரே மீனுதான். கொய்யாக் கட்டையில எறாலப் போட்டுப் பாருங்க, ஒரு இனிப்பு ஏறி வரும். மாங்கட்டைன்னா தேன் நெறம் குடுக்கும், வாசம் கம்மி. சவுக்கு அடக்கமா எரியும், ஆனா மீனுல ஒண்ணத்தையும் விட்டுட்டுப் போகாது, வந்த விருந்தாளி கைய நனைக்காமப் போன மாதிரி. சீமக்கருவை கெடைக்காத எடமில்ல, அதுல போட்டா மீனு கறுத்துப்போயி தொண்டையில கரகரங்கும். வேம்புல போட்டவனும் ஒருத்தன் இருந்தான் எங்க ஊருல, அந்த மீன நாயி மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. தைலமரத்துல போட்டா தலவலிக்குத் தடவுன மாதிரி இருக்கும். முந்திரியத் தொடவே கூடாது, அதுல ஒரு எண்ணெ இருக்கு, தோலு பொத்துப்போயிடும். ஒடஞ்ச படகுப் பலகையப் போடுறவன் இருக்கானே, பெயிண்டோட, அவன ஜெயில்ல போடணும்.

ஒரு துண்டு மீனக் குடுத்து மோந்து பாக்கச் சொல்லுங்க, என்ன மரம்னு சொல்லிடுவேன். கல்யாண வீட்டுக்குப் போனா சமையல் பக்கத்துலேருந்து காத்து வந்தாலே போதும், இது புளியங்கட்டை, இது பழைய உத்தரம்னு சொல்லுவேன். சமையக்காரன் வந்து கையெடுத்துக் கும்பிட்டிருக்கான். பந்தா பண்ணல தம்பி, உள்ளதச் சொல்றேன். அந்த மூக்கு எனக்கு இருக்கு. இன்னும் இருக்கு.

அந்தப் பெரிய புயலு அடிச்சுது பாருங்க. எங்க பக்கம் நிமுந்து நின்ன மரம் ஒண்ணு கெடையாது. மொத ஆறு மாசம் கொய்யாவும் மாவும் வேணுங்குற மட்டும் கெடந்துச்சு. அப்புறம் லாரி லாரியா செங்கச் சூளைக்குப் போயிட்டுது. அதுக்கு அடுத்த வருஷம் பங்குனியில ஒரு நல்ல கட்டைக்கு நான் தெருத்தெருவா அலையுறேன். அந்த நேரம் பாத்து வர்றாரு கமால் பாய். எங்க மீன எடுத்துக்கிட்டுப் போயி வெளியூர்ல விக்கிறவரு. "வேதரெத்தினம், புதுச்சேரியில பெரிய ஓட்டல்ல மாதிரிக்குக் கொஞ்சம் மீனு கேக்குறாங்க. கொடுவாயும் மடவையும் வேணும். நாலு நாள்ல குடுக்கணும். நெறம் மட்டும் அவங்களுக்குப் புடிச்சுட்டா வருஷம் பூரா உன் மீனுதான்"னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. மீனு இருக்கு, கொட்டாய் இருக்கு, கட்டையில்ல.

மறுநாள் காலையில தோணிய எடுத்துக்கிட்டு காயல் பக்கம் போனேன். அலையாத்திய வெட்டுனா வனத்துறை புடிச்சுக்கும். ஆனா புயல்ல சாஞ்சு ஒதுங்குனத யாரு கேக்கப்போறா? சேத்து ஓரத்துல ஒரு குவியலாக் கட்டை கெடந்துச்சு தம்பி. பட்ட இல்ல, எல இல்ல. வெயிலும் உப்புத்தண்ணியும் பட்டு எலும்பு மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. எடுத்தா கையில கனமே தெரியல. ஒண்ணோட ஒண்ணு தட்டுனா கணீர்னு சத்தம். நல்லாக் காஞ்ச கட்டைக்குத்தான் அந்தச் சத்தம் வரும்.

தில்லைன்னு ஒரு மரம் இருக்கு. கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் காட்டுல அதுவும் உண்டு. கீறுனா வெள்ளையாப் பாலு வரும், கண்ணுல தெறிச்சா பார்வ போச்சு. அதோட பொகையும் ஆகாதும்பாங்க. அதனால எங்காளுங்களுக்கு ஒரு பழக்கம். காட்டுப்பக்கத்து மரம் எதுவா இருந்தாலும் அருவா நுனியால ஒரு கீறு கீறி, நூறு எண்ணுற மட்டும் நிக்கணும். பால் பாக்குறதுன்னு சொல்லுவோம். கசிஞ்சா விட்டுட்டு வந்துடணும். நான் பாத்தேன் தம்பி. பாக்காம எடுத்துட்டு வந்தான்னு பேசுறானுவளே, என் மக தல மேல சத்தியம், பாத்தேன். கீறிட்டு நூறு எண்ணுனேன். நூத்தம்பது எண்ணுனேன். ஒரு சொட்டு இல்ல.

காஞ்சுபோன மரத்துல பாலு எங்கேருந்து வரும்னு கேக்குறீங்களா?

அவளும் இதேதான் கேட்டா. கட்டையக் கொண்டாந்து கொட்டாயில போட்டேன், ஒண்ண எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவ அப்பன் காயல்ல தோணி ஓட்டுனவரு, அவ பொறந்து வளந்ததே அந்தச் சேத்துல. "என்னங்க, இந்த முண்டு முடிச்சப் பாத்தா எனக்குத் தில்லை மாதிரி இருக்கு. வெளுத்த கட்டையில பால் பாத்தா எப்படித் தெரியும்? வேணாங்க, ரெண்டு நாளு மட்டையிலயே போடுவோம்"னா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. கமால் பாயோட ஆளு ரெண்டு பேரு நிக்கிறான், அவனுங்க முன்னாடி. "இருவது வருஷமா மரம் பாக்குறவன் நானா நீயா? போயி வாய்கிட்ட உக்காரு"ன்னேன். போயி உக்காந்தா.

மொத நாளு சாயங்காலமே "கண்ணு எரியுதுங்க"ன்னா. நீங்களே சொல்லுங்க, பொகைன்னா எரியாதா? பின்ன குளுகுளுன்னா இருக்கும்? "பொறுத்துக்க"ன்னேன். ரெண்டாம் நாளு ரெண்டு இமையும் வீங்கிப்போச்சு. "எரியுதுங்க, ஊசி வெச்சுக் குத்துற மாதிரி எரியுது, கட்டைய மாத்துங்க"ன்னா. அந்நேரம் நான் மொத வலையத் தூக்கிப் பாத்தேன் தம்பி. என்ன நெறம்! அப்படி ஒரு நெறத்த நான் பாத்ததில்ல. மாங்கட்டை குடுக்காது, கொய்யா குடுக்காது. மீனு பூரா பொன்னு பூசுன மாதிரி. நான் எப்படி மாத்துவேன்? "இன்னும் ரெண்டு நாளுதான். நடிக்காத"ன்னேன்.

நீ உக்காந்தியாடான்னு கேக்குறானுவ. நான் எப்படி உக்கார முடியும்? மீனத் திருப்பணும், அடுக்க மாத்தணும், கீறணும். ஒரு தடவ குனிஞ்சு வாய்கிட்ட மூஞ்சிய நீட்டிப் பாத்தேன். எரிஞ்சுது. சுரீர்னு... இல்ல, அதான் சொல்றேனே, பொகைன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும். அது பெருசா ஒண்ணுமில்ல. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

மூணாம் நாளு ஈரத்துணியக் கண்ணுல கட்டிக்கிட்டு உக்காந்தா. தீ படபடன்னு சத்தம் போட்டா தண்ணி தெளிப்பா. சூடு கொறஞ்சா கையில தெரியும், ஊதுவா. கண்ணே வேணாம் அவளுக்கு, அப்படி ஒரு வேலக்காரி. ஒரு மீனு வேகல, ஒரு மீனு கருகல. மூணாவது தடவையா அன்னைக்குத்தான் "எரியுது"ன்னு சொன்னா. அப்புறம் சொல்லல. நாலாம் நாளு பூரா ஒரு வார்த்தை பேசல. சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

கமால் பாய் வந்து மீனப் பாத்துட்டு என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. எடுத்துக்கிட்டுப் போனாரு. அத்தன பேரு தின்னாங்களே தம்பி, ஒருத்தருக்கு ஒரு வயித்துவலி உண்டா? ஒண்ணு கெடையாது. அது தில்லையா இருந்தா தின்னவன் சும்மா இருப்பானா? இதச் சொன்னா ஊருல ஒருத்தனும் காதுல வாங்கமாட்டேங்குறான்.

வெளக்கெண்ணெ விட்டேன். ஒரு நாளு இல்ல, எட்டு நாளு, வேளா வேளைக்கு நானேதான் விட்டேன். குளிர்ச்சிதானே. ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிக்கிட்டுப் போவலன்னா, அவ கேக்கல. கேட்டிருந்தா கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். சுகுணா வந்து பாத்து ஒப்பாரி வெச்சு, இங்கதான் தூக்கிக்கிட்டு ஓடிவந்தோம். கருவிழியில புண்ணு வெச்சு, சீழு வெச்சு, வெள்ளையா மூடிப்போச்சுன்னாங்க. யாரோ செத்தவங்க கண்ண வெச்சு ஒரு பக்கம் தெச்சுப் பாத்தாங்க. அது ஒட்டல. அவ்வளவுதான். ஓட்டல்காரங்க கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க, கமால் பாய் நாலு தடவ வந்தாரு. அடுப்பு வாய்க்கு ஆளில்லாம நான் எங்க போடுறது? கொட்டாய மூடியாச்சு.

ஒண்ணு சொல்றேன். இன்னைக்கு வரைக்கும் அவ என்ன ஒரு வார்த்தை கேக்கல. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், அதோட போயிருக்கும். அவ பேசாம இருக்கா. அது எனக்குப் பொறுக்கல தம்பி.

மிச்சக் கட்டையா? கொட்டாய்க்குப் பின்னாலதான் அடுக்கி வெச்சிருந்தேன். தூக்கிப் போடுன்னு சுகுணா தலபாடா அடிச்சுக்கிட்டா. ஏன் போடணும்? போட்டா, அது தில்லைதான்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடாதா? நல்ல கட்டை. நான் பால் பாத்த கட்டை. கெடக்கட்டும்னுட்டேன்.

இப்ப அவளேதான் சமைக்கிறா. கேஸு வேணாம்னுட்டா, தீ எங்க இருக்குன்னு தெரியாது, பயமா இருக்குன்னா. வெறகடுப்புன்னா சூடு சொல்லுமாம். செவுத்தத் தடவிக்கிட்டே பின்னால போவா, கட்டையக் கையால தடவிப் பாத்து எடுத்துக்கிட்டு வருவா. மூணு மாசமா சாயங்காலம் ஆனா என்னக் கூப்புடுறா. "என்னங்க, இங்க வந்து உக்காருங்க. சரியா எரியல, கொஞ்சம் ஊதிக் குடுங்க." ரெண்டு வருஷமா மொகம் குடுத்துப் பேசாதவ கூப்புடுறாளேன்னு ஓடிப்போயி உக்காந்தேன். குனிஞ்சு ஊதுனேன்.

என்ன மரமா?

அத மட்டும் எல்லாரும் கேப்பீங்க. சுகுணாவும் காலையில வண்டியில வரும்போது கேட்டா. எனக்கெப்படித் தெரியும்? வெறகு.

சரி, கண்ணத்தான் மூடியிருக்கீங்களே, உங்க மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. சொல்லிடுறேன். அவ கூப்புட்ட மொத நாளு மொத பொகையிலயே தெரிஞ்சுபோச்சு. கல்யாண வீட்டு மரத்தையே சொல்றவன் எங்க வீட்டு அடுப்பச் சொல்லமாட்டனா? ஒரு காரம் இருக்கும் அதுல, மூக்கோட அடியில போயி நிக்கும். வேற எந்த மரத்துலயும் அது வராது. போன மாசம் சுகுணா என் பேத்தியத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா, நாலு நாளு இருந்தா. அந்த நாலு நாளும் அடுப்புல தென்னமட்டை. புள்ள ஊருக்குப் போன அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் அதேதான். அவ தடவித்தான் எடுக்குறா தம்பி, தெரிஞ்சுதான் எடுக்குறா. பொகை அவ மொகத்துலயும்தான் அடிக்குது. அவளுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? அசையாம உக்காந்திருப்பா.

நான் ஊதிக்கிட்டே இருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பா. சண்ட போடுற மாதிரி இல்ல, சோறு போடவான்னு கேக்குற மாதிரி. "கண்ணு எரியுதாங்க?"

"இல்ல"ம்பேன்.

இன்னொரு கட்டைய எடுத்து வெப்பா.

தெனமும் இதான். தெனமும் கேக்குறா, நானும் இல்லைங்குறேன். எரியுது தம்பி. கண்ணுக்குள்ள மொளகாயத் தேச்ச மாதிரி எரியுது. விடிய விடியத் தண்ணி கொட்டுது, தலகாணி நனஞ்சு போவுது. காலையில இமை ஒட்டிக்கிது, எச்சியத் தொட்டுத்தான் பிரிக்கிறேன். அவ பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டுதான் இருக்கா.

போன வெள்ளிக்கெழமை கேட்டுட்டு, நான் இல்லைன்னதும், கட்டையக் கையில வெச்சுக்கிட்டு அடுப்புல வெக்காம கொஞ்ச நேரம் இருந்தா. "எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தண்ணியத் தெளிச்சு அணைச்சுடுறேன். நாளைக்கே எல்லாத்தையும் காயல்ல கொண்டுபோயிப் போட்டுடலாம்"னா. அவ குரலு ஒடஞ்சு போச்சு தம்பி. நான் வாயத் தொறந்தேன். எரியலைன்னுட்டேன்.

ஏன் எரியலைன்னு சொன்னேனா? நீங்களும் கேக்குறீங்களே. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டா கண்ணு பொழைக்கும், எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஆனா இப்ப எனக்கு எரியுதுன்னு சொன்னா, அன்னைக்கு அவளுக்கு எரிஞ்சதும் நெசம்னு ஆயிடுமே. மூணு தடவ சொன்னா. மூணும் நெசம்னு ஆயிடுமே. நான் பால் பாத்தவன் தம்பி. நூத்தம்பது எண்ணுனவன். அப்புறம் நான் என்ன சொல்லிக்கிட்டு அந்த ஊருல நடமாடுறது? அவ பக்கத்துல எப்படிப் படுக்குறது?

செருப்புச் சத்தம் கேக்குதா? அந்தப் பொண்ணுதான். சுகுணாவும் கூட வர்றா போலருக்கு. அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. நாலு மணி வண்டிக்குப் போயிடணும். அவ அடுப்பப் பத்த வெச்சுட்டு உக்காந்திருப்பா.

இந்தாம்மா, இருக்கேன், இங்கதான் இருக்கேன். இன்னும் ஒரு சொட்டா? ஊத்தும்மா.

என்னம்மா கேட்ட?

இல்லம்மா. எரியல.